பாலத்தாரின் வாயில் முற்றுகை

வாழ்க பாலத்தார்! ரயில் தண்டவாளத்தின்மேல் மேம்பாலம் கட்டித் தருவேன் என்று மூன்று தேர்தல்களாக முழங்கியே அப்பெயரைப் பட்டமாகப் பெற்ற பெருந்தகை, உறக்கத்திலும் கலையாத புன்னகையை உதட்டில் தரித்த உத்தமர், இருமுறை தோற்றும் இளைக்காத தோளர், நாடாளுமன்றம் என்னும் நெடுமாடத்தை நோக்கி மீண்டும் படைதிரட்டிய அஞ்சா நெஞ்சர், அவர்தம் வீரம் விளம்புவாம், கேண்மின்!

நேற்றுவரை முட்புதரும் மேய்ச்சல் மாடும் கோலோச்சிய அப்புறநகரில், இன்று வானத்தை முட்டிக்கொண்டு நின்றது ஒரு பெருங்குடியிருப்பு. நான்கு பிளாக்குகள், அறுநூறு வீடுகள், வீட்டுக்கு இருவர் என்றாலும் ஆயிரத்து இருநூறு ஓட்டுகள். சென்றமுறை நம் தலைவர் வீழ்ந்ததோ வெறும் எண்ணூற்றுப் பதினொரு ஓட்டில்! அக்கோட்டையைக் கொண்டவனே தொகுதியைக் கொண்டவன் என்று கட்சி அலுவலகத்துப் பேரறிஞர்கள் டீ ஆறும்வரை ஆராய்ந்து முடிவு கட்டியிருந்தனர்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மூன்று வேன்கள் முன்செல்ல, பதினேழு கொடிகள் படபடக்க, ஒலிபெருக்கி இடியென அதிர, புழுதிப்படலம் பகலவனை மறைக்க, பாலத்தார் வந்து இரும்பு வாயிலின்முன் இறங்கினார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி அரியணையாக, பார்வையாளர் பதிவேடு கேடயமாக, நூலில் கட்டிய பேனா வேலாக வீற்றிருந்தார் காவலாளி.

"எந்த வீட்டுக்கு சார்?"

"எல்லா வீட்டுக்கும்!" என்று கர்ஜித்தார் தலைவர்.

"எல்லா வீடுன்னு இதுல எழுத முடியாது சார். ஒரு நம்பர் சொல்லுங்க."

"நான் யாருன்னு தெரியுதா?"

"போஸ்டர்ல பாத்திருக்கேன் சார். நேத்து எதிர்க்கட்சி வக்கீலம்மாவும் வந்தாங்க. அவங்களுக்கும் நம்பர் தெரியல."

தொடங்கிற்று முற்றுகை. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறேன்!" என்று ஒலிபெருக்கி விண்ணதிர முழங்க, அதற்கு மறுமொழியாக நான்கு பிளாக்குகளிலும் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. வெயில் ஏறிற்று. கொடி பிடித்தோர் வேன் நிழலில் ஒதுங்கினர். அவ்வேளை, உணவுப் பொட்டலம் சுமந்து ஒற்றை ஸ்கூட்டரில் வந்த ஒருவர், "சி எழுநூத்தி நாலு" என்று மந்திரம்போல் உச்சரிக்க, மூன்று வேன்களுக்கு அசையாத அந்த மாபெரும் கதவம் முனகிக்கொண்டே திறந்து, அவரை விழுங்கி, மறுபடி மூடிற்று. பாலத்தாரின் புன்னகை, அரசியலில் புகுந்தபின் முதன்முறையாக, ஒருபுறம் சரிந்தது.

அப்போதுதான் மின்னலென ஒரு நினைவு அவர்தம் நெஞ்சைப் பிளந்தது. கூடப்பிறந்த தங்கை! அவள் குடியிருப்பது இக்கோட்டையினுள் அல்லவோ!

"என் தங்கச்சி இங்கதான் இருக்கா. கணக்கு டீச்சர்."

"நம்பர் சார்?"

நாட்டின் வறுமை ஒழிப்புக்குப் பதினான்கு வழிகளை மனப்பாடமாகச் சொல்லவல்ல அந்நா, தங்கை வீட்டு எண்ணறியாது தத்தளித்தது.

"கணக்கு டீச்சர்னா பி நானூத்தி மூணு," என்று தாமே இரங்கிய காவலாளி இன்டர்காமை அழுத்தினார். "அம்மா, உங்க அண்ணன்னு ஒருத்தர் வந்திருக்காரு."

படை முழுதும் கேட்க, அந்தச் சிறுபெட்டி பேசிற்று: "எந்த அண்ணன்? குடி வந்து ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பாக்காத அண்ணனா?"

பதினேழு கொடிகளும் தலை தாழ்ந்தன. வேன் ஓட்டுநர் ஒருவர் வானத்தில் பறவை எதையோ தேடலானார். ஊழிக்காலம் போன்ற ஒரு நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடி பேசிற்று: "சரி, வரச் சொல்லுங்க. அவரு மட்டும்."

பதிவேட்டில் 'வந்த காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. நாட்டின் எதிர்காலம் என்று எழுதப் பேனா துடித்தது. காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். 'தங்கையைப் பார்க்க' என்று எழுதிவிட்டு, படையிழந்து, கொடியிழந்து, ஒலிபெருக்கியும் இழந்து, தனியராய் நடந்தார் தலைவர்.

நான்காம் மாடியில், திருத்தாத விடைத்தாள் கட்டை மேசையோரம் நகர்த்தி, தங்கை டீ வைத்தாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசிய பாலத்தார், சுவரைப் பார்த்து வீரவுரையைத் தொடங்கினார்: "இந்தத் தடவை உன் கையிலதாம்மா இருக்கு. உன் ஓட்டு, மாப்பிள்ளை ஓட்டு, இந்த பிளாக் மொத்தமும் நீதான் பேசி..."

"எங்க ஓட்டு பழைய அட்ரஸ்லயே இருக்குண்ணா. அது வேற தொகுதி," என்றாள் தங்கை. "இங்க முக்காவாசிப் பேர் மாத்தவே இல்ல. மாத்துங்கன்னு உங்க ஆளுங்க யாராவது வந்து சொன்னாங்களா? பேரு சேக்குற தேதியும் முடிஞ்சு போச்சு."

அந்தோ! அறுநூறு வீட்டுக் கோட்டை அவர் கண்முன்னே காற்றாய்க் கரைந்தது, நெடுமாடம் நடுங்கிற்று, எட்டுத் திசையும் இருண்டன, கட்டாத மேம்பாலமும் இடிந்து தண்டவாளத்தில் வீழ்ந்தது.

பாலத்தார் டீயைக் குடித்துவிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்றார்.