தேவிகுளத்து ஆபீஸ் செய்தியும் மௌனிகாவின் மாறுதலும்

கோபாலபுரம்,
புதன்கிழமை, கரண்ட் இல்லாத மத்தியானம்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மோகனசுந்தரம் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் காளிச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், மாடு கன்று சுகம், போர் மோட்டார் போன வாரம் சுகமில்லாமல் கிடந்து இப்போது சுகம். கமலாத்தாளும் உடம்பளவில் சுகமே. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். அங்கு தாங்களும் அக்காவும் குழந்தைகளும் இதேபோல், ஆனால் பேச்சுவார்த்தையோடு, சுகமாக இருக்க ஆனைமலை மாசாணியம்மன் துணையிருக்க வேண்டியது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். போன் என்னிடம் இல்லை, தேவிகுளத்தில் இருக்கிறது. மகள் மௌனிகா வாங்கி வைத்துக்கொண்டாள். பிடுங்கி வைத்துக்கொண்டாள் என்று கமலாத்தாள் திருத்தியிருப்பாள், பேசுகிறவளாக இருந்தால். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம், கொழிஞ்சாம்பாறை பேங்கு மாப்பிள்ளை சிவப்பிரகாஷ், அவருடைய அம்மா பெண் மலையை விட்டுக் கீழே மாறுதல் வாங்கி வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லியிருந்தார்களே, அந்த மாறுதல் வரவில்லை. இனி வரவும் வராது. அதை அவர்களிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லலாம் என்று உங்களுக்குப் பிடிபடுவதற்காக நடந்ததை முழுசாக எழுதுகிறேன். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை என்பது படித்தால் தெரியும்.

மௌனிகாவுக்கு தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தமிழ் மீடியம் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தபோது நான்தான் கூடப் போய்ச் சேர்த்துவிட்டேன், உங்களுக்குத் தெரியும். அப்போது தேவிகுளத்துக் கல்வி ஆபீசில் போன் நம்பர் கேட்டார்கள். அவள் இருக்கப்போகிற இடத்தில் சிக்னலே கிடையாது, டீ ஃபேக்டரி வளைவு வரைக்கும் ஏறி வந்தால்தான் பேச முடியும் என்றார்கள். சரி, என் நம்பரை எழுதுங்க, சேதி வந்தா நான் சொல்லிக்கிறேன் என்று கொடுத்துவிட்டு வந்தேன். மூணாவது நாளே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் ஒரு டீச்சராகச் சேர்ந்துவிட்டேன். வாராவாரம் அந்த உபஜில்லாவில், அதாவது அந்தக் கல்வி வட்டாரத்தில், இருக்கிற வாத்தியார்கள், டீச்சர்கள், கிளார்க்குகள் எல்லாருக்குமாக ஒரு செய்தி மடல் வரும். இந்த வாரம் நடந்தது, வரும் வாரம் நடக்கப்போவது என்று இரண்டு பாகம். பிரதீப் மாஷ் என்று ஒரு வாத்தியார்தான் எழுதிப் போடுகிறார். மலையாளத்தில்தான் இருக்கும். பாலக்காட்டு எல்லையில் கிடக்கிற நமக்கு அதொன்றும் கஷ்டமில்லையே. சாயங்காலம் மௌனிகா வளைவிலிருந்து கூப்பிட்டால் படித்துக் காட்டுவேன்.

ஆரம்பத்தில் அவளுக்கு வேண்டியதை மட்டும்தான் படித்தேன். அப்புறம் மற்றதையும் விட மனசு வரவில்லை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீடு பால் காய்ச்சினார்கள், எந்த எச்.எம்.முக்குக் கண் ஆபரேஷன் என்று எல்லாம் வரும். படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? பிரதீப் மாஷின் அப்பா தவறியபோது நான்தான் முதல் ஆளாக ஆறுதல் எழுதினேன். இங்கே அலவி மளிகைக் கடையில் உட்கார்ந்து நான் படிப்பதைக் கேட்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அலவி சாமான் கட்டிக்கொண்டே காது கொடுப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் மண்வெட்டியோடு நின்று, பிரதீப் மாஷுக்கு வீட்டு லோன் பாஸ் ஆயிடுச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போவான். கத்தரீனாள் டீச்சர் ஓய்வு பெறுகிறார், நினைவுகளைப் பகிரலாம் என்று போட்டிருந்தபோது எனக்கே மனசு கேட்காமல், டீச்சர் இல்லாத அந்த ஆபீசை நெனச்சே பாக்க முடியலைங்க என்று குரல் பதிவு அனுப்பினேன். அதை விழாவில் மைக்கில் போட்டார்களாம். மறுநாள் மௌனிகாவைப் பார்த்து நாலைந்து பேர் தொண்டைக்கு மிளகு கஷாயம் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வருஷம்தான் அவளுக்கு மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் கேட்கிற தகுதி வந்தது. நீங்களும் சம்பந்தத்தைக் கொண்டுவந்தீர்கள். இந்த நேரத்தில் மாறுதல் கிடைக்க வேண்டுமென்றால் முதல் வருஷத்திலிருந்தே மேலே நல்ல பேர் சேர்த்து வைக்க வேண்டாமா மச்சான்? செய்தி மடலில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குக் கீழேயும், விருப்பமுள்ளவர்கள் பெயர் தரவும் என்று இருக்கும். ஒருத்தரும் தரமாட்டார்கள். அதுதான் எனக்கு வழியாகத் தெரிந்தது. நான் பிரதீப் மாஷுக்குத் தனியாக, மௌனிகா டீச்சர் ரெடி என்று போட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் போட்டேன். சாயங்காலம் அவளிடம் ஆபீஸ் உத்தரவு என்று சொல்லிவிடுவேன். ஏனுங்கப்பா, எல்லாத்துக்கும் என்னையவே போடறாங்க என்று சலித்துக்கொள்வாள். கவர்மென்டு உத்தரவு கண்ணு, தட்டக்கூடாது என்பேன்.

ஊழியர் விளையாட்டு விழாவில் பெண்களுக்கான குண்டு எறிதலுக்கு அவளைப் போட்டேன். சின்னப் பிள்ளையில் நம்ம தோப்பில் தேங்காய் எறிந்த கைதானே. ஆனால் குறி எப்போதும் இருந்ததில்லை. குண்டு நேராக நடுவர் மேசைக்குப் போய் டீ ஃப்ளாஸ்கைச் சாய்த்துவிட்டது. வேறு ஆளில்லாததால் முதல் பரிசு. அலவி கடையில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அடுத்தது கோரஸ். அடுத்தது காட்டானை விழிப்புணர்வுப் பயிற்சி. அது முடிந்த அடுத்த வாரமே நிஜமாகவே ஒரு ஆனை அவள் பள்ளிக்கூடச் சமையல் கொட்டகைக்கு வந்து, மத்தியான முட்டைக்கோஸை நிதானமாகத் தின்றிருக்கிறது. பயிற்சி எடுத்தவள் இவள் ஒருத்தி என்பதால் எச்.எம். உள்பட எல்லாரும் இவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். இவள் குழந்தைகளை வகுப்புக்குள் உட்கார வைத்து, ஒரு சத்தம் வராமல், ஆனை போகும் வரைக்கும் வாய்ப்பாடு எழுத வைத்திருக்கிறாள். அட்டைப் பூச்சியைக் கண்டால் அழுகிற பிள்ளை மச்சான் அது. மடலில் அதைப் படிக்கும்போதே மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். படித்து முடித்துவிட்டு, மலையேற்ற மீட்புப் பயிற்சிக்கும் பேர் கொடுத்தேன்.

பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாவான கலோத்சவம் வந்தபோது சாப்பாட்டுக் கமிட்டிக்குப் போட்டேன். பேர் மட்டும் கொடுத்தால் போதாது என்று நம்ம தோப்புத் தேங்காய், பூசணி, வாழையிலை எல்லாம் ஒரு பிக்கப்பில் ஏற்றி அனுப்பினேன். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போவதற்கு நடுவில் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டுமே. நம்ம ஊர்ச் செக்போஸ்டில் எங்கே போகிறது என்று கேட்டதற்கு டிரைவர் கேரளாவுக்கு என்றிருக்கிறான். இதுதானே கேரளா என்று கேட்டிருக்கிறார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் வாழையிலை வாடிவிட்டது. ஆனாலும் சாப்பாடு அமோகமாம். அந்த வார மடலில் முதல் செய்தியே மௌனிகா டீச்சர்தான். நல்ல பேர் கிடைத்துவிட்டது, இனி மாறுதல் கைக்கு வந்த மாதிரிதான் என்று கமலாத்தாளிடம் சொன்னேன். அவள் தெற்கு அறையை வெள்ளையடிக்கச் சொன்னாள். அடித்தாயிற்று.

மாறுதல் பட்டியல் வந்தது. இவள் பேர் இல்லை. நல்ல பேர் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அதனால்தான் ஆபீசில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. விடியற்காலை பஸ் ஏறிவிட்டேன். ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும், குரூப்பில் மௌனிகா டீச்சர் பேருக்குப் பக்கத்தில் என் போட்டோவைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே, எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். பிரதீப் மாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆபீஸர் நபீஸா மேடம் பாலக்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பம், நம்ம மாதிரி தமிழ்தான் பேசுகிறார். உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் கொஞ்சம் சூடாகவே, அஞ்சு வருசம் உழைச்ச பிள்ளையை ஏனுங்க புடிச்சு வெச்சிருக்கீங்க என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு மௌனிகாவும் உள்ளே வந்தாள். அன்றைக்கு மீட்புப் பயிற்சி. தலையில் ஹெல்மெட், தோளில் கயிறு. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேடம் அவளையும் என்னையும் பார்த்துவிட்டு, “நான் எங்கீங்க புடிச்சு வெச்சேன்? டீச்சர் மாறுதலுக்கு அப்ளிகேஷனே வெக்கலையே,” என்றார். நான் மௌனிகாவைப் பார்த்தேன். மேடம் விடவில்லை. “எனக்கும் ஆச்சரியம்தான். எல்லாத்துக்கும் தானா வந்து பேரு கொடுக்கற ஒரே டீச்சர், இதுக்கு மட்டும் பேரு கொடுக்கலையேன்னு,” என்றார். இப்போது மௌனிகா என்னைப் பார்த்தாள். “நான் எப்பங்க மேடம் பேரு கொடுத்தேன்?” என்றாள். பிரதீப் மாஷ் வெகுளி. தன் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. எங்க பள்ளிக்கூடத்துக்கு டவர் வந்தே ஒரு வருசமாச்சுங்கப்பா, நீங்க அந்தச் செய்தியெல்லாம் படிக்கறதுல சந்தோசமா இருக்கீங்கன்னு நான் சொல்லலை என்றாள். நான், அது கெடக்குது கண்ணு, ஏன் அப்ளிகேஷன் கொடுக்கலை என்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“மொதல்ல எல்லாம் தெனமும் அழுதுட்டுத்தானுங்கப்பா கெடந்தேன். ஒருத்தரையும் தெரியாது. உத்தரவு உத்தரவுன்னு ஒவ்வொண்ணாப் போகப் போகத்தான் ஆளுக பழக்கமாச்சு, மலை பழக்கமாச்சு. நீங்க பேரு கொடுக்காம இருந்திருந்தா நான் எப்பவோ ஓடி வந்திருப்பேன். இப்ப எனக்கு இங்கதான் புடிச்சிருக்கு.”

அப்புறம் கையை நீட்டினாள். போனைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மறையூர் வரைக்கும் அழுதேன் மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன. பெண் பக்கத்தில் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாவது நம் வீட்டுச் சோறு தின்ன வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன். செய்ததெல்லாம் அவளை அங்கேயே ஊன்றிவிட்டது. அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை. அதனால் மறுபேச்சு பேசவும் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து கமலாத்தாளிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள், அடுக்களைக்குப் போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. அவள் கோபம் நியாயமானது.

ஆகவே மச்சான், தயவுசெய்து சிவப்பிரகாஷ் வீட்டுக்கு ஒரு நடை போய், பெண் கீழே வருவதாக இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனம் நோகாமல் சொல்லிவிட்டு வரவும். பையன் தங்கமான பையன். எனக்கு வருத்தம்தான். அந்த ஆபீஸ் விஷயத்தில் நான் இனித் தலையிடுவதில்லை என்று மாசாணியம்மன் மேல் ஆணையாக முடிவெடுத்துவிட்டேன். இனி யாருடைய பேரையும் யாரிடமும் கொடுப்பதில்லை. அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், நல்லபடியாகப் படித்து, எங்கே வேலை கிடைத்தாலும் சொந்த நம்பரைக் கொடுத்துச் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலனை என்றும் விரும்பும்,
கா. காளிச்சாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். கொழிஞ்சாம்பாறைக்குப் போக வேண்டாம். கவரை ஒட்டுகிற நேரத்தில் அலவி கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். என் போன் போனதிலிருந்து செய்தி இல்லாமல் இருக்க முடியாமல், பிரதீப் மாஷிடம் கேட்டு மடலை நேராகத் தன் போனுக்கே வரவழைத்துக்கொண்டாராம். இந்த வார மடலில், வரவிருக்கும் நிகழ்ச்சிகள் பகுதியில், அறிவியல் கண்காட்சிக்கு அடுத்தபடியாக, மௌனிகா டீச்சருக்கும் சிவப்பிரகாஷுக்கும் நிச்சயதார்த்தம், இடம் கோபாலபுரத்தில் பெண் வீடு, அனைவரும் வருக என்று போட்டிருக்கிறது. சிவப்பிரகாஷ் பையன் தானாகவே மலையேறிப் போய் இவளைப் பார்த்துப் பேசி, அவரே பேங்கில் தேவிகுளத்துப் பக்கம் மாறுதல் கேட்டு வாங்கிவிட்டாராம். அவர் அம்மாவும் சம்மதித்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உங்களிடமும் என்னிடமும் முறையாகச் சொல்வதாக இருந்தார்களாம். பிரதீப் மாஷ் முந்திக்கொண்டார். கமலாத்தாளிடம் போய்க் கேட்டேன். “எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. வாயைத் தொறந்தா சொல்லிப்போடுவேன்னுதான் பேசாம இருந்தேன். உங்ககிட்டச் சொன்னா அன்னைக்கே ஆபீஸுக்குப் போயிருமே,” என்றாள். அத்தனை பேர் வீட்டுச் செய்தியும் படித்தவன் நான். என் வீட்டுச் செய்தி எனக்கு மளிகைக் கடையிலிருந்து வருகிறது. மடலின் கடைசியில், சாப்பாட்டுக் கமிட்டி கன்வீனர் காளிச்சாமி என்று இருக்கிறது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மௌனிகாதான் பேர் கொடுத்தாளாம். உபஜில்லா மொத்தமும் வண்டி பிடித்து வருகிறதாம், தாய்மாமன் நீங்கள் முந்தின நாளே வந்துவிட வேண்டும். வரவேற்புக் கமிட்டிக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் தரவும் என்று போட்டிருந்தது. அலவியின் போனிலிருந்து உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.