ஏதாவது நடைமேடை

பல்வலிக்காரர்களில் ஒரு தனி இனம் உண்டு. வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வார். டாக்டரிடம் மட்டும் போகமாட்டார். பயம் என்று சொல்வாரா? சொல்லமாட்டார். விஞ்ஞானம் என்பார். “இதுக்குப் புதுசா ஒரு மருந்து வருது சார், அது வரட்டும்” என்பார். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஏதோ யோசிக்கிறார் என்று நீங்கள்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் ரயில் நிலையத்தில் அந்த இனத்தைச் சேர்ந்தவர் அறிவிப்பாளர். நான் விசாரணைக் கவுண்டர். அவர் என்ன சொன்னாலும் ஒலிபெருக்கியிலிருந்து ஊருக்கே கேட்கும். அதற்கு விளக்கம் கேட்கிறவர்கள் என் ஜன்னலுக்கு வருவார்கள்.

அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, சொத்தை வேர்வரை இறங்கி, வேரில் சீழ் கட்டி, பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி “ரூட் கெனால் பண்ணிடலாம்” என்று சொல்ல, அன்று சாயங்காலமே அவர் செல்போனில் ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நம்ம உடம்பே கிருமியக் கொல்றதுக்குத் தயார் பண்ற குட்டிப் புரதம் சார். வேருக்குள்ள கிருமிங்க கோந்து மாதிரி கோட்டை கட்டி உக்காந்திருக்கு. சாதா மருந்து வாசல்லயே நின்னுடும். இது உள்ள பூந்து கிருமியோட தோலையே ஓட்டை போட்டுடும்!”

“எங்க கிடைக்குது?”

“ஆராய்ச்சியில இருக்கு.”

“எப்ப வரும்?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

ரயிலைப் பற்றிச் சொல்லும் அதே நிதானம்!

எட்டு மாதம் ஓடியது. நாங்கள் அவருக்குப் ‘பெப்டைடு’ என்று பெயரே வைத்துவிட்டோம். வலப்பக்கமாக மட்டும் மென்றார், தண்ணீரைக்கூட வலப்பக்கமாகவே சாய்ந்து குடித்தார், தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினார், வலி மாத்திரையை மிட்டாய் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரூட் கெனால் செய்துகொண்டவர்களைப் பார்த்துப் பாவப்பட்டார். “அவசரப்பட்டுட்டீங்களே!”

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, கன்னம் வீங்கியது. வீக்கம் என்றால் சாதாரண வீக்கமா? இடக்கண் பாதி மூடியிருந்தது. அந்த முகத்தோடு வேலைக்கு வந்து, மைக்கின் முன் உட்கார்ந்து, ஏழாவது நடைமேடைக்கு வரவேண்டிய ரயிலை அறிவித்தார். ‘ழ’ என்ற எழுத்துக்கு நாக்கு எவ்வளவு வளைய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவருடையது வளையவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி இன்னும் சற்று நேரத்தில் ஏதாவது நடைமேடைக்கு வந்து சேரும்.”

நிலையம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஓடியது. மூன்றாவது நடைமேடையிலிருந்தவர்கள் ஐந்துக்கும், ஐந்திலிருந்தவர்கள் இரண்டுக்கும் ஓடினார்கள். மேம்பாலப் படிக்கட்டில் இரு கூட்டமும் மோதி, பெட்டிகள் மாறின. ஒருவர் கையில் யாருடைய குழந்தையோ இருந்தது, குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் ஜன்னலில் நாற்பது தலைகள்.

“ஏதாவதுன்னா எதுங்க?”

“உங்களுக்கே தெரியாதா?”

அவர் மறுபடி அறிவித்தார், இன்னும் அழுத்தமாக. “ஏதாவது! ஏதாவது!”

அந்த நாற்பது தலைகளில் ஒன்று அவர் மனைவியுடையது. தங்கை வீட்டுக்குப் போகக் கிளம்பியவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அறிவிப்பு அறைக்குள் போனார். மைக் அணைந்திருக்கவில்லை.

“என்னங்க, எந்திரிங்க. டாக்டர்கிட்ட போறோம்.”

“பெப்டைடு வரட்டும்மா…”

“அது எந்த நடைமேடைக்கு வருதாம்?”

நிலையம் முழுக்கக் கைதட்டியது. அந்த அம்மாவின் ரயில் இதற்குள் போய்விட்டிருந்தது.

மாற்று ஆளை மைக்கில் உட்காரவைத்துவிட்டு நானும் ஒரு கைத்தாங்கலாகக் கூடப் போனேன். நாற்காலியில் சாய்ந்தவுடனேயே அவர் பெப்டைடு புராணத்தை ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். “என் தங்கச்சி அதுலதான் சார் ஆராய்ச்சி பண்றா” என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

தங்கை உற்சாகமாகப் பேசினாள். “நம்பிக்கையான விஷயம்தான் சார். ஆனா எங்க ஆய்வுக்கூடத்துல இன்னும் பிடுங்கின பல்லுலதான் சோதிச்சுப் பாக்குறோம். ஆளுக்குக் குடுக்க வருஷக்கணக்கா ஆகும்.”

“நான் காத்திருக்கேம்மா.”

“சரி. வந்தா எப்படிப் போடுவாங்கன்னு தெரியுமா? பல்லத் திறந்து, வேரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, அதுக்கப்புறம்தான் மருந்தை உள்ள விடணும்.”

“அப்படின்னா…?”

“ரூட் கெனால்தான் சார்.”

அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். போனில் தங்கை விடவில்லை.

“இன்னொன்னு சார். இப்படியே விட்டீங்கன்னா பல்ல எடுக்கவேண்டி வரும். எடுத்தா எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. உங்க பல்லுக்குக் கண்டிப்பா பெப்டைடு கிடைக்கும். உங்களுக்குத்தான் கிடைக்காது.”

மனைவி சிரித்தார், டாக்டரம்மா சிரித்தார், நான் வாசல்பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் விரலைப் பிடித்து, எட்டு மாத விஞ்ஞானத்தையும் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “எனக்கு ஊசின்னா பயம்மா.”

சிரிப்பு நின்றது. “எனக்குத் தெரியாதா?” என்றார் அந்த அம்மா. விரலை விடவில்லை.

அன்று சீழை வடித்தார்கள். வீக்கம் வடிந்தபின் இரண்டு முறை வரவழைத்து வேரைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். கடைசி முறை வாயைத் திறந்தபடியே குறட்டைவிட்டார் என்று கேள்வி. இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறார். ரூட் கெனால் வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்துப் பாவப்படுகிறார்.

நல்லது. இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்கும்போது உங்கள் நாக்கு நைசாகப் போய் ஒரு பல்லைத் தடவிவிட்டு வந்ததே, அது எந்தப் பல்?