கேமரா பார்த்த நாற்காலி

கார்ட்டூன் படம் எடுக்கும் எங்கள் அரசு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: எந்தக் காட்சியில் கேமரா எங்கே நிற்கும் என்ற திட்டத்தைப் பொறுப்பு அதிகாரி தன் கண்ணால் பார்த்து ஒப்பமிட்ட பிறகே ஓவியர் பென்சிலைத் தொட வேண்டும். நான் ஒப்பமிட்டேன். பார்க்கவில்லை.

காரணம், செயற்கை அறிவு. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் அந்தச் சொல்லை உச்சரித்தவர்கள், எனக்குத் தெரிந்து, இருவர்தான்: என் மனைவியின் தம்பி ரகு, அவன் சொல்லிக் கேட்ட நான். கேமராவின் இடத்தைத் தானே தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை அவன் எழுதியிருந்தான்.

“அத்திம்பேர், யார் எவ்வளவு முக்கியம்னு நம்பர் மட்டும் போடுங்கோ. பெரிய நம்பர் இருக்கற பக்கமா கேமராவை அதுவே யோசிச்சுத் திருப்பிக்கும்.”

படம் கொசு ஒழிப்பு பற்றியது. தெருக்கூட்டத்தில் மக்களைக் கொசு கடிக்கும். கடைசியில் அமைச்சர் வந்து, தண்ணீர்த் தொட்டியை மூடச் சொல்வார். அரசு மரியாதை வரிசைப்படி எண் போட்டேன். அமைச்சருக்கு நூறு. பொதுமக்களுக்கு இரண்டு. கொசுவுக்கு ஒன்று (அதுவும் இரக்கப்பட்டு). அமைச்சர் உட்காரும் நாற்காலியைக் கூட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதால், அதற்கும் அமைச்சரின் நூறையே கொடுத்தேன்.

வந்த திட்டத்தைப் பார்த்து ஓவியர் சேகர் பூரித்துப்போனார். பட்டினப்பாக்கத்துக்காரர். “இன்னா மூளை சார் இந்த மிஷினுக்கு. படம் ஃபுல்லா ஒரே நாற்காலிதான் கீது. ஒரு தபா வரைஞ்சா போதும்.”

இதைச் சிக்கனம் என்று கோப்பில் குறித்தேன்.

தி.நகர் அரங்கில் திரையிட்டார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு எங்கள் துறை இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் காலி நாற்காலி. எங்கிருந்தோ கொசுவின் ரீங்காரம், பட்டென்று ஓர் அடி, ஒரு பெண்ணின் அலறல். நாற்காலி அசையவில்லை. அரங்கு சிரிக்கத் தொடங்கியது.

“யாருய்யா அது?” என்றார் இயக்குநர், திரையில் இருந்த நாற்காலியைக் காட்டி.

“அமைச்சர், சார். இன்னும் வரலை.”

மறுநாள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். மரியாதை வரிசையை மேற்கோள் காட்டி அனுப்பினேன். அதற்குப் பதில் வரும்வரை பதவி உயர்வு கிடையாது என்றார்கள்.

வீட்டில் இன்றும் நான் சாப்பிட வரத் தாமதமானால், மனைவி என் காலி நாற்காலியைக் காட்டி, “யாரும் பேசப்படாது. கேமரா ஓடிண்டிருக்கு” என்பாள்.

பதில் வராமல் போய்விடவில்லை. ‘விளக்கம் ஏற்கப்பட்டது, பதவி உயர்வு பரிசீலிக்கப்படும்.’ அது வந்து சேர்ந்த தேதி, நான் ஓய்வு பெற்று அலுவலக நாற்காலியைக் காலி செய்ததற்கு மறுநாள்.