போட்டியாரும் ஒரு ரப்பர் பந்தும்

என் வாழ்நாளில் நான் மிகுதியாக நினைந்த உயிர் எது என்று யாரேனும் கேட்டால், என் இல்லாளையோ, நாளும் பாடிப் பரவும் பெருமானையோ சொல்லத்தான் ஆசை. உண்மை வேறு. பிரிக்பீல்ட்ஸில் என் பூக்கடைக்கு நேர் எதிரே பூக்கடை வைத்திருக்கும் ‘போட்டி’யைத்தான் அல்லும் பகலும் நினைந்திருக்கிறேன். தெருவார் சூட்டிய பெயர் அது. ஆட்டுக்குடல் வறுவலுக்கும் அதே பெயர் என்பதால், சைவ உணவினனாகிய எனக்கு அதை நாவால் உரைக்கச் சற்றுக் கூச்சம். ஆகவே ‘போட்டியார்’ என்று மரியாதை சேர்த்துத் தூய்மைப்படுத்திக்கொண்டேன்.

நான் ஐந்தடியில் மணமாலை தொடுத்தால் அவர் ஆறடியில் தொடுப்பார். நான் ஏழுக்குப் போனால் அவர் எட்டு. இந்தப் போரின் உச்சத்தில், கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை, போட்டியார் தொடுத்த மாலையைத் தானே மிதித்து, மாமனாரின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மறுநாள் சாலைக்கு அப்புறமிருந்து குரல் வந்தது.

“அண்ணே! ஒங்க மாலயப் போட்ட எந்த மாப்பிள்ளையாவது மாமனார் கால்ல விழுந்திருக்கானா? என் மாலைக்கு மரியாதை தெரியும் லா!”

பூத்தொடுக்கும்போது பதிகம் பாடுவது என் வழக்கம். மனப்பாடமாக அறிந்தவை பத்து. முப்பது ஆண்டுகளாக அவற்றையே பாடிவந்தேன். பெருமானும் மறுப்பேதும் தெரிவிக்கவில்லை. போட்டியார் செராஸில் ஒரு திருமுறை வகுப்பில் சேர்ந்து, சில மாதங்களில் பதினொன்று கற்றுவந்தார். லோரி பின்னோக்கி வரும்போது எழும் ஒலிக்கும் அவர் குரலுக்கும் வேறுபாடு காண்பது அரிது. ஆயினும் பதினொன்று பதினொன்றுதானே!

“என்னண்ணே, இன்னிக்கும் அதே பழைய பாட்டுதானா? சாமிக்கே போரடிக்கும்.”

அன்று மாலையே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏட்டைத் திறந்தேன். இப்போது நாற்பது பதிகங்கள் என் நாவில் நிற்கின்றன. அவற்றை எனக்குக் கற்பித்தது ஞானம் என்று எழுதவே விருப்பம். கற்பித்தது பொறாமை.

சென்ற ஆண்டு எனக்குச் சிறியதொரு பக்கவாதம் கண்டது. நடையும் பேச்சும் விரைவில் திரும்பின. வலக்கை விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. கடையை என் மகள் பார்த்துக்கொள்வாள். என் துயரம் அதனால் வந்ததன்று. காலைதோறும் பெருமானுக்குச் சாத்தும் சரத்தை என் கையாலேயே தொடுப்பதை நோன்பாகக் கொண்டவன் நான். அது நின்றுபோனது. மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, காலையும் மாலையும் இருபது முறை பிசையச் சொன்னார்கள். கடையில் அமர்ந்து மூன்று நாள் முயன்றேன். பந்து அமுங்கவில்லை.

“எல்லாம் அவன் சித்தம்” என்று பந்தை மேசையில் வைத்துவிட்டேன். மகள் கெஞ்சினாள். நான் தத்துவம் பேசினேன்.

மறுநாள் காலை எதிரே பார்த்தால், போட்டியார் கடைவாசலில் நாற்காலி போட்டமர்ந்து, அதே நிறத்தில் ஒரு பந்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார்.

“தம்பி, ஒங்க கைக்கு என்ன வந்துச்சு?”

“ஒன்னும் இல்லண்ணே. ஒங்களுக்கு இருபதாமே? நான் இருபத்தஞ்சு முடிச்சிட்டேன்.”

என் தத்துவம் அக்கணமே ஆவியாயிற்று. பந்தை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து முறை அழுத்தினேன். அவர் முப்பது என்று விரல்களை விரித்துக் காட்டினார். நாள்கள் இப்படியே நகர்ந்தன. நான் பதினைந்தைத் தொட்டால் அவர் நாற்பதில் இருப்பார். இடையிடையே, ஓடும் கார்களையும் மீறி அறிவுரை வரும்: “அது பந்துண்ணே, புட்டு இல்ல! நல்லா அழுத்துங்க!”

மல்லிகை வாங்க வந்த ஒரு பெண்மணி இருபுறமும் பார்த்துத் திகைத்தார். “என்ன அங்கிள், ரெண்டு கடையிலயும் இப்ப பந்துதான் விக்கிறீங்களா?”

நான்கு மாதங்கள் கழித்து ஒரு காலையில் நூறு எண்ணி முடித்தேன். விரல்கள் ஐந்தும் பந்தைச் சுற்றி முழுமையாக மடங்கியிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். போட்டியார் பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார்.

“எம்பதுக்கு மேல முடியலண்ணே. நீங்க ஜெயிச்சிட்டீங்க, போங்க.”

நாள்தோறும் பூக்கூடைகளைத் தூக்கிச் சுமக்கும் கைகள் எண்பதில் ஓய்ந்தன என்று நம்புமளவுக்கு நான் அப்பாவியல்லன். ஆயினும் கிடைத்த வெற்றியை மறுக்கவுமில்லை. உள்ளே போய் நூலை எடுத்தேன். ஒரு முழச் சரம் தொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, அதுவும் கோணல். அதை அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துச் சென்றேன்.

“யார் பேருக்கு?” என்றார் குருக்கள்.

“போட்டியார் பேருக்கு.”

குருக்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. நட்சத்திரம்?”

அவர் கடை திறக்கும் நிமிடம் எனக்குத் தெரியும். அவர் மாலையில் எத்தனை ரோசாவுக்கு ஒரு முடிச்சு என்பது தெரியும். எந்தப் பதிகத்தில் எந்த அடியில் சுருதி நழுவும் என்பதுகூடத் தெரியும். நட்சத்திரம் மட்டும் தெரியவில்லை.

“என் நட்சத்திரத்தையே அவருக்கும் சொல்லிடுங்க” என்றேன்.