ஓசோவுக்குப் பத்து நாள் பாடம்

மாதா ஊர்வலத்தில் பேண்டு வாசித்துவிட்டு வந்த அன்று, ஃபெர்மின் தன் வெள்ளைக் கால்சட்டையைக் கழற்றி மேசைமேல் விரித்துவைத்து, செத்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கால் ஓரம் முழங்கால் வரைக்கும் கிழிந்து தொங்கியது. கிழித்தவன் மேசைக்கு அடியில்தான் இருந்தான். பெயர் ஓசோ. வயது மூன்று மாதம். உடம்பெல்லாம் கறுப்பு, வாயெல்லாம் ஊசி.

"நிக்கோலாசா, இங்க வா. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

நிக்கோலாசா வந்தாள். முதுகில் கம்பளித்துணியில் கட்டிய எட்டு மாதக் குழந்தை ரெனே அப்போதுதான் கண்ணை மூடியிருந்தான்.

"மெதுவாச் சொல்லுங்க. இப்பத்தான் தூங்கினான்."

"சான் ரோக்கே திருநாளுக்கு இன்னும் பத்து நாள். அதுக்குள்ள இந்த நாயைக் கடிக்காத நாயா ஆக்கிக் காட்டறேன். ஆகலைன்னா, இது சுரங்கத்துல இருக்கிற என் மச்சான் வீட்டுக்குப் போயிடும்."

மூலையில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயது சுல்மா உடனே வாயைத் திறந்தாள். அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. ரெனே விழித்துக்கொண்டான்.

நிக்கோலாசா பிள்ளையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, பள்ளிக்கூடத்துல பிள்ளைக்குப் பாடம் வரலைன்னா குத்தம் யார் மேல?"

"வாத்தியார் மேலதான். அதுல என்ன சந்தேகம்?"

"இங்க வாத்தியார் யாரு?"

"நான்தான்."

"அப்ப நாய் தோத்தா வாத்தியார்தானே ஏதாச்சும் விட்டுக்கொடுக்கணும்? டூபா பேண்டுக் கொட்டகைக்குப் போகட்டும்."

ஃபெர்மின் சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய டூபா பளபளவென்று சாய்ந்திருந்தது. ஆளை வளைத்துக்கொள்ளும் பித்தளைக் குழாய். வாய் மட்டும் ஒரு சலவைத் தொட்டி அளவு. தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் அதை ஊதுவார். தினமும் மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு ரெனே எழுந்து வீறிடுவான். கொட்டகையில் போய் ஊதுங்கள் என்று நிக்கோலாசா எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உடையவன் வீட்டில் தூங்காத டூபாவுக்குத் தொண்டை கட்டிவிடும் என்று எட்டு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் வாத்தியார் என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஓருரோ நகரத்து பேண்டுக்காரன் பேச்சு மாற மாட்டான்.

"சரி. அன்னிக்கு யாரைக் கடிச்சாலும் டூபா போகும். தீர்ப்புச் சொல்ல எங்க பேண்டு மாஸ்டர் அன்செல்மோவையே கூப்பிடறேன். நாய்க்கு ஞானத்தகப்பனா அவரே நிக்கட்டும்."

அதுவும் பெரிய வார்த்தைதான். சான் ரோக்கே திருநாள்தான் நாய்களுக்குப் பிறந்தநாள். அன்றைக்கு ஒருவர் உங்கள் வீட்டுக் குட்டிக்கு ஞானத்தகப்பனாகிவிட்டால், அவர் உங்களுக்கு கொம்பாத்ரே, உறவுக்குமேல் உறவு. கொம்பாத்ரே பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாஸ்டர் தன் பக்கம் என்று ஃபெர்மினுக்கு நம்பிக்கை.

பாடம் மறுநாளே தொடங்கியது. முறை எளிது. நாய் கடித்தவுடன் அதன் முகத்துக்கு நேரே டூபாவை ஊத வேண்டும். பயத்தில் கடியே மறந்துபோகும்.

ஓசோ அவர் காலைக் கடித்தது. ஃபெர்மின் ஊதினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ரெனே வீறிட்டான். ஓசோ காற்றில் நாலு விரற்கடை எழும்பி விழுந்தது. நிக்கோலாசா ஓடிவந்தாள்.

"ஐயோ பாவம், பச்சைப்பிள்ளை! ஈரல் கலங்கிப்போச்சு." நாயை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அது நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே வெளியே வந்தது. பயத்தில் வாய் உலர்ந்துவிட்டது என்று ஃபெர்மின் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

இன்னொரு பக்கம் நிக்கோலாசா சுல்மாவுக்கு ஒரு பாடம் நடத்தினாள். "கடிச்சா ஓடாதே, கத்தாதே. 'ஆ'ன்னு ஒரு தடவை சொல்லு. கையை இடுக்கிக்கோ. சுவர்ப் பக்கம் திரும்பி மரம் மாதிரி நில்லு. விளையாட்டு முடிஞ்சுபோச்சுன்னு அதுக்கே தெரியும். விட்டுட்டா இந்தக் கம்பளி முடிச்சைக் கொடு, இதைக் கடிக்கட்டும்."

"அது என்ன பொம்பளைப் பாடம்?" என்றார் ஃபெர்மின். "முதுகைக் காட்டினா எந்த நாயாவது மதிக்குமா?"

"நீங்க உங்க பாடத்தை நடத்துங்க. நான் இவளை அழவிடாம வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

ஐந்தாம் நாள் சுல்மாவின் விரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபெர்மினின் காலில் எண்ண முடியாத அளவு இருந்தது. ஓசோ காலையில் எழுந்தவுடன் அவரைத் தேடிவந்து ஒரு கடி, வேலை முடிந்து வந்தவுடன் ஒரு கடி, சூப்பில் கரண்டியை வைத்தவுடன் ஒரு கடி என்று முறைவைத்துக் கடித்தது. கடித்துவிட்டு, உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு டூபாவைப் பார்த்தது. அவர் ஊதினார். நிக்கோலாசா ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனாள்.

"பயம் வந்துட்டுது பாரு, நிக்கோலாசா. டூபாவையே வெறிச்சுப் பாக்குது."

"ஆமாங்க. ரொம்பப் பயந்திருக்கு."

கடைசி மூன்று நாளும் பேண்டுக்கு வெளியூரில் திருவிழா. ஃபெர்மின் டூபாவோடு போய்விட்டார். திரும்பி வந்தபோது, நாய் மூன்று நாளாக யாரையுமே கடிக்கவில்லை என்று சுல்மா சொன்னாள். ஃபெர்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஊதிய ஊது வீண்போகவில்லை.

சான் ரோக்கே அன்று முற்றத்தில் அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. ஓசோவின் கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நாடா. மாஸ்டர் அன்செல்மோ கறுப்புக் கோட்டுப் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்து, பூசைக்கு வந்தவர்போல் நின்றார். ஃபெர்மின் புதுக் கால்சட்டையோடு, டூபாவையும் உடம்பில் மாட்டிக்கொண்டிருந்தார். வெற்றிக்கு ஒரு வாசிப்பு வேண்டாமா?

மாஸ்டர் கையை நீட்டினார். ஓசோ நக்கியது. சுல்மா விரலை அதன் வாய்க்குள்ளேயே வைத்தாள். ஓசோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிர்வீட்டு தோனியா எர்மெலிந்தா பாவாடையை ஆட்டிக் காட்டினாள். அது கொட்டாவி விட்டது.

"பாத்தீங்களா!" ஃபெர்மினின் நெஞ்சு டூபாவை முட்டியது. "பத்து நாள் உழைப்பு!"

"எல்லாரும் நீட்டியாச்சு," என்றாள் நிக்கோலாசா. "வாத்தியாரும் நீட்டிடட்டுமே."

ஃபெர்மின் புன்னகையோடு கையை நீட்டினார்.

லபக்.

கடித்தவுடன் ஓசோ உட்கார்ந்து, வாலை ஆட்டி, டூபாவின் வாயை அண்ணாந்து பார்த்தது.

"கொம்பாத்ரே, அது முத்தம்," என்றார் ஃபெர்மின்.

"ரத்தம் வருதே, கொம்பாத்ரே," என்றார் மாஸ்டர். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தீர்ப்பு முடிந்தது.

அன்றைக்கே டூபா மூன்று தெரு தள்ளிக் கொட்டகைக்குப் போனது. ஃபெர்மின் சவ ஊர்வலத்தில் நடப்பதுபோல் நடந்தார். பின்னாலேயே ஓசோ நாடா பறக்க ஓடியது. கொட்டகையில் ஆளில்லை. துக்கம் தாங்காமல் அவர் டூபாவை மாட்டிக்கொண்டு நீளமாக ஒரு ஊது ஊதினார்.

ஓசோவின் காது நிமிர்ந்தது. அடுத்த கணம் கொட்டகையை விட்டு வெளியே பாய்ந்துவிட்டது.

"ஓசோ! டேய்! நில்லு!" பித்தளையைச் சுமந்துகொண்டே ஃபெர்மின் துரத்தினார். சந்தைத் தெருவில் உருளைக்கிழங்கு விற்கிறவர்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறையில் நிக்கோலாசா உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஓசோ நேராக, அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை தானாக மேலங்கிப் பைக்குள் போனது. காயவைத்த லாமா மிருகத்து இறைச்சி ஒரு துண்டு வெளியே வந்தது. ஓசோவின் வாய்க்குள் போனது.

வாசலில் ஃபெர்மின் நின்றார். ஒவ்வொரு ஊதும், ஒவ்வொரு 'ஐயோ பாவமும்', ஒவ்வொரு முறை அது மூக்கை நக்கிக்கொண்டு வந்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நிக்கோலாசா! ஒவ்வொரு தடவை நான் ஊதினப்பவும்..."

"மெதுவாங்க. ரெனே தூங்கறான். நீங்க ஊர்ல இருக்கறப்ப மூணு மணிக்கு அவன் தூங்கி இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"இது அநியாயம்! இதை நான் மாஸ்டர்கிட்ட, ஊர் முழுக்க..."

கத்துவதற்காக அவர் வாயைப் பெரிதாகத் திறந்தார். நிக்கோலாசா பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அதில் வைத்தாள்.

நல்ல உப்பு. நல்ல பதம். ஃபெர்மின் மென்றுகொண்டே, டூபாவை மெல்லக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, ஓசோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.