வெல்லத்தைப் பார்த்துக் காதைப் பொத்தியவள்

சமயநல்லூரில் அரிசி மில், மேலூருக்குக் கரியில் ஓடும் ஒரு பஸ், பரவையில் மாடி வீடு. அத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் எழுப்பியவை. கேலி பேசாத வாய் கிடையாது. ஆனால் கேலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நடப்பதில் என்னையும் மிஞ்சிய ஆள் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான்: ஊசி ஆசாரி.

பிள்ளைகளுக்குக் காது குத்துவது அவர் தொழில். அப்போது அவை அழுகிற விதத்தை வைத்து மூளையை அளப்பது, யாரும் கேட்காமல் அவராக எடுத்துக்கொண்ட உத்தியோகம். ஊசியைக் கண்டதுமே அலறினால் வக்கீல். குத்தி முடிந்தபின் யோசித்து அழுதால் கணக்குப்பிள்ளை. தன் மீசையைப் பிடித்து இழுத்த ஒருவனை, "வருங்காலத் தளபதி!" என்று அறிவித்தார். அவன் இன்றைக்கும் பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிவிடுகிறான்.

என் தங்கை மகள் வள்ளிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. "இது மந்தம். பள்ளிக்கூடமெல்லாம் மூத்தவனோட சரி" என்று அவள் அப்பா, என் மச்சான், முடிவு கட்டியிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி என்னுடையது.

முதலில் பையன். வாயில் வெல்லத்தை வைத்தேன். அவன் சப்புகிற நேரம் பார்த்து ஆசாரி குத்தினார். வீரிட்டான்.

அடுத்து வள்ளி. ஆசாரி ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். நான் வெல்லத்தை நீட்டியதுதான் தாமதம், வாயை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

ஆசாரி ஊசியைத் தட்டில் போட்டார். "அடேயப்பா! மத்த பிள்ளைக ஊசியப் பாத்து அழும். இது வெல்லத்தப் பாத்தே ஊசியக் கண்டுபிடிச்சிருச்சு! இதையா மந்தம்ங்கிறீக?"

"பேசாமக் குத்துங்க ஆசாரி" என்றார் மச்சான்.

"பள்ளிக்கூடத்துல சேக்கிறேன்னு சொல்லுங்கண்ணே. அதுவரைக்கும் ஊசியத் தொட மாட்டேன்."

காது குத்தாமல் பந்தி கிடையாது. மச்சான் முறைத்தார். ஆசாரி நிதானமாக வெற்றிலை மடித்தார். பந்தலில் பசித்திருந்த ஒருவர், "ஒத்துக்கங்கண்ணே, கெடாக்கறி ஆறுது!" என்றார். இன்னொருவர், "காலேசுக்கே அனுப்புவாருய்யா, எலையப் போடுங்க!" என்று கத்தினார்.

"சேக்கிறேன்யா, சேக்கிறேன்! குத்தித் தொலைங்க!" என்றார் மச்சான்.

மறு வருஷம் பேசத் தொடங்கிய வள்ளி இன்னும் நிறுத்தவில்லை. மதுரையில் தலைமை ஆசிரியை. எங்கே போனாலும், "என்னைக் கண்டுபிடித்தவர் ஊசி ஆசாரி" என்கிறாள்.

அவர் போய்விட்டார். அவர் இல்லாத காதுகுத்தில் எனக்குக் கறி ருசிப்பதில்லை. கண்டுபிடித்தவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளி, உட்கார்ந்திருந்தது என் மடி. வெல்லம் நீட்டியதும் என் கை. அதையும் சேர்த்துச் சொல்.