இடது துடுப்பு அழுதார்

கிரேக்கக் கதைகளை யார் வேண்டுமானாலும் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பி எழுதிக்கொண்டே போனால் நாடு என்னாவது என்று அரசாங்கம் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. சூனியக்காரியின் கோணத்தில் ஒரே வருஷத்தில் பத்தொன்பது நாவல்கள். பாம்புத் தலைக்காரியின் கோணத்தில் பன்னிரண்டு. அவள் தலையிலிருந்த பாம்புகளின் கோணத்தில் தனியாக நான்கு. ஆகவே மறுகோண ஒதுக்கீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கே கோண எண் வாங்காத புத்தகம் எதுவும் அச்சேறக் கூடாது என்று ஆணையும் பிறந்தது.

என் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஊரார் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே கண் பூத்தவள். மிச்ச நேரத்தில் ஏழு வருஷமாக ஒரு நாவல் எழுதினாள். போருக்குப் போன புருஷன் இருபது வருஷம் கழித்துத் திரும்பும்வரை நெய்வதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாளே ஒரு மகராசி, அவள் கதை. நான் படிக்கவில்லை. ஆனால் அந்த ஏழு வருஷமும் சாப்பாட்டில் உப்பு முன்னே பின்னே இருந்ததைப் பொறுத்துக்கொண்டவன் நான்தான் என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கோண எண் வராவிட்டால் அவள் இடத்தில் வேறு புத்தகம் போட்டுவிடுவேன் என்றார் பதிப்பாளர். எழுநூறு பக்கக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் திங்கட்கிழமையே கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"மனைவி கோணமா? நாப்பத்தோரு பேர் எழுதியாச்சும்மா. போன மாசத்தோட மூடிட்டாங்க."

"என்னோடது வேற மாதிரி சார்."

"நாப்பத்தோரு பேரும் அதைத்தான் சொன்னாங்க. தவிர, புது விதி வந்திருக்கு. மூலக்கதையில வாயே திறக்காதவங்களுக்குத்தான் இனிமே கோணம். அந்தம்மா மூலத்துல நிறைய பேசியிருக்காங்க. பேசினவங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு தடவை?"

"அப்ப யாருதான் பாக்கி?"

"நாய் போயிடுச்சு. தறி போயிடுச்சு. மரக்குதிரையில அடிச்ச ஆணி நேத்துதான் போச்சு." அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "கப்பல்ல வலது துடுப்பை எடுத்துட்டாங்க. இடது துடுப்பு காலியா இருக்கு. நல்ல இடம்மா. பிரயாணம் முழுக்கக் கூடவே இருந்திருக்கு, ஒரு வார்த்தை பேசல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன்.

நாலு நாளில் எழுநூறு பக்கத்தையும் துடுப்பாக்கினாள். 'அவள்' இருந்த இடமெல்லாம் 'துடுப்பு'. தறி இருந்த இடமெல்லாம் கடல். பிழை திருத்துகிறவள் அல்லவா, வினைமுற்று ஒன்றையும் விடவில்லை. அழுதாள் என்றிருந்ததை அழுதது என்று மாற்றினாள், காத்திருந்தாளைக் காத்திருந்தது ஆக்கினாள். வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி முதல் பக்கத்திலேயே பேனாவை ஊன்றினார்.

"என்னம்மா இது, 'துடுப்பு அழுதது'ன்னு போட்டிருக்கீங்க?"

"அஃறிணை சார். அழுததுன்னுதான் வரும்."

"அதாம்மா ஆதிக்கம்! மூவாயிரம் வருஷமா அவரை அது இதுன்னு பேசித்தானே வாயை அடைச்சு வெச்சோம்? இந்த ஆபீஸ்ல திணை பேதம் கிடையாது. 'துடுப்பு அழுதார்'னு மாத்துங்க."

"சார், அது பிழை."

"உங்களுக்குப் பிழை. துடுப்புக்கு விடுதலை."

அவள் கண் கலங்கியது. எனக்கு விஷக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கெடு அன்றைக்குத்தான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தப்பாகத் திருத்திக் கொடுத்து எண்ணை வாங்கினாள்.

புத்தகம் வந்தது. விமர்சகர்கள் துடுப்பாரின் மௌனத்தில் மூழ்கி முத்தெடுத்தார்கள். வாசகர்களுக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. எங்கள் வாசல் கதவு இறுக்கிப் பிடித்ததைப் பார்க்க வந்த தச்சர், "இவரைக் கொஞ்சம் இழைச்சா சரியாயிடுவார்" என்றார்.

அப்புறம் ஒரு கூட்டத்தில் ஒரு வாசகி எழுந்து கேட்டாள்: "துடுப்பு சார் கடைசியில வீடு திரும்புறாரே, அந்த வீட்டுல இருந்த பொண்டாட்டி ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?"

அலுவலகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மிகச் சமீபத்திய நூலில் மேற்படி மனைவி வாய் திறக்காதபடியால் அன்னார் தகுதி பெறுகிறார்; மனைவி கோணத்தில் ஓர் இடம் காலி என்று அறிவிப்பு வெளியானது. என் மனைவி பழைய கட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வரிசையில் முதலில் நாங்கள்தான்.

"உங்களுக்குத் தர முடியாதும்மா," என்றார் குமாஸ்தா. "ஆளுக்கு ஒரு கோணம்தான். நீங்க இடது துடுப்பு."

"இது நான் எழுதினது சார். ஏழு வருஷம் சார்."

"ஏற்கெனவே எழுதினவங்களுக்கு இல்லைங்கிறதுதானேம்மா விதியே." அவர் என் பக்கம் திரும்பினார். "சார் யாரு?"

"இவங்க வீட்டுக்காரர்," என்றேன்.

"ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?"

"ஒரு வரிகூட இல்ல."

"பேனாவைப் பிடிங்க."

பிடித்தேன். வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். நாவல் என் பெயரில் வந்தது. ஒரு பெண்ணின் மனதை இவ்வளவு நுட்பமாக எந்தப் பெண்ணும் எழுதியதில்லை என்று எழுதினார்கள். பரிசு மேடையில் மனைவியின் பங்கு என்ன என்று கேட்டார்கள். பிழை திருத்திக் கொடுத்தாள் என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இப்போது நானும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கிரேக்கம் தீர்ந்துபோச்சு சார். இனிமே உயிரோட இருக்கிறவங்கதான். எழுத்தாளர் மனைவி கோணத்துக்கு முப்பது பேர் மனு போட்டிருக்காங்க. உங்க வீட்டம்மா இதுவரைக்கும் வாயே திறக்கலைன்னு ஒரு சான்று வேணும்."

"அவளே உள்ள இருக்கா. கேட்டுக்குங்களேன்."

"அவங்க பதில் சொல்லிட்டா தகுதி போயிடுமே சார். நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

நியாயமாகப் பட்டது. போட்டேன். உள்ளே யாருடைய புத்தகத்தையோ திருத்திக்கொண்டிருந்த என் மனைவி பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்சம் சும்மா இரேன்," என்றேன். "உன்னைப் பத்தி முப்பது புத்தகம் வரப்போகுது."